நாலு காசுக்கு நல்ல யந்திரம்

"பட்ஜெட்" என்னும் பதத்துக்கு நமக்குத் தெரிந்த வரையில் ஒரே அர்த்தந்தான் இருந்து வந்தது. வருஷந்தோறும் நிதி மந்திரியானவர் டில்லியில் எழுந்து நின்று, எதற்கு வரி ஏறும், எதற்கு இறங்கும் என்று வாசிப்பார். மறுநாள் நாமெல்லாம் அதைப் பற்றிப் பத்தி பத்தியாக அபிப்பிராயம் எழுதுவோம். இப்பொழுதோ கடைவீதிப் பக்கம் போனால், பட்ஜெட் போன், பட்ஜெட் ஹோட்டல், பட்ஜெட் லாப்டாப் என்று எங்கும் பட்ஜெட் மயமாயிருக்கிறது. மலிவுச் சரக்கு என்று சொன்னால் வாங்குகிறவருக்கு மனம் கூசுமென்று கருதி, வியாபாரிகள் இந்தக் கௌரவமான பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் போலும்.

இந்த ஆராய்ச்சியில் நாம் இறங்கியதற்குக் காரணம் கும்பகோணத்து நண்பர் ஒருவர். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய பெண் கல்லூரியில் புள்ளியியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். மடிக் கணினி இல்லாமல் முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். நண்பர் பெண்ணையும் கையில் ஒரு பழைய பையையும் அழைத்துக்கொண்டு நமது காரியாலயத்துக்கு வந்தார். பையை அழைத்துக்கொண்டு வந்தார் என்று நாம் எழுதியது கைப்பிசகு அன்று. அதை அவர் நாற்காலியில் உட்கார வைத்த மரியாதையைப் பார்த்தால், அதற்குள்ளே ஒரு நோயாளி இருப்பதாகவே தோன்றிற்று.

உண்மையில் நோயாளிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்த பிள்ளைக்காகப் பத்தொன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரம் அது. அந்தப் பணம் நண்பருடைய மனைவி மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பிள்ளை கல்லூரிப் படிப்பை முடித்து, ஓர் உத்தியோகத்துக்காக வீட்டிலிருந்தபடியே இணையத்தின் மூலம் பரீட்சை எழுத உட்கார்ந்தான். இருபதாவது நிமிஷத்தில் யந்திரம் சிந்தனையில் ஆழ்ந்துவிட்டது. சுட்டி அசையவில்லை, எழுத்து விழவில்லை. அது சிந்தித்து முடித்து நிமிர்ந்தபோது பரீட்சை நேரம் முடிந்து போயிருந்தது. மறு பரீட்சை கிடையாது என்று பதில் வந்துவிட்டது.

"ஸார், தப்பு என் பேரிலா, யந்திரத்தின் பேரிலா? அதை முதலில் சொல்லுங்கள். அப்புறந்தான் இன்னொன்று வாங்குவேன்" என்றார் நண்பர்.

பெண் ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து யந்திரத்தை எடுத்து நம் மேஜைமேல் வைத்தாள்.

திறந்து பார்த்தோம். வெளித் தோற்றத்துக்கு ஒரு குறையுமில்லை. மெல்லியதாயும் பளபளப்பாயும் இருந்தது. உள்ளே இருந்த பிராஸஸர், அதாவது மூளைச் சில்லு, ஸெலெரான் என்-4020 என்பது. 2019-ஆம் வருஷக் கடைசியில் வெளி வந்தது. அதில் வேலை செய்யும் உள்ளங்கள் இரண்டே இரண்டு. சாதாரணமாக 1.1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நடக்கும், அவசரமென்றால் 2.8 வரையில் ஓடும், ஆனால் அதிக நேரம் ஓடாது. நினைவகம் 4 ஜி.பி. கோப்புகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் 64 ஜி.பி. அந்தக் களஞ்சியமும் எஸ்.எஸ்.டி. அன்று, ஈ.எம்.எம்.ஸி. என்று சொல்லப்படும் வகை. கைபேசியில் செருகும் மெமரி கார்டுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள்; கழற்றி வேறொன்று மாட்ட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 11 என்னும் இயக்க முறைக்கு அதைச் செய்தவர்களே விதித்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. களஞ்சியமுந்தான். ஆகவே பெட்டிமேல் அச்சடித்திருந்ததில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஆனால் குறைந்தபட்சத் தகுதி என்பது உள்ளே நுழைய விடுவார்கள் என்பதற்குத்தான் அத்தாட்சி. உட்கார இடம் கிடைக்கும் என்பதற்கு அன்று. திருவிழாக் காலத்து ரயிலில் ஏறியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

64 ஜி.பி. என்று பெட்டியில் போட்டிருப்பதை யந்திரம் தன் கணக்கில் 59.6 என்று காட்டும். ஆயிரத்தால் பெருக்கிச் சொல்வது ஆலைக்காரர் கணக்கு; 1024-ஆல் வகுத்துச் சொல்வது யந்திரத்தின் கணக்கு. அதில் பாதியளவு இயக்க முறையே பிடித்துக்கொள்கிறது. மாதந்தோறும் வந்து சேரும் திருத்தங்கள் விரித்துப் போட்டுக்கொள்ள மேலும் இடம் கேட்கின்றன. பிள்ளையாண்டானுடைய யந்திரத்தில் மிச்சமிருந்த இடம் 2 ஜி.பி.-க்கும் குறைவு. நினைவகம் நிறைந்துவிட்டால் யந்திரம் தன் சாமான்களைக் களஞ்சியத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடியும் எடுத்து வரும். களஞ்சியமே மெதுவானது, அதுவும் நிறைந்து கிடக்கிறது என்றால், அந்தப் போக்குவரத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் நேரம் போவது தெரியாது. பரீட்சை தினத்தன்று நடந்தது அதுதான். பிள்ளையின் பேரில் தவறில்லை. யந்திரம் பழுதுபட்டதுங்கூட அன்று. தன்னால் என்ன முடியுமோ அதைச் செய்தது. இப்படிப்பட்டதை விற்றவர்களும், கேட்காமல் வாங்கியவரும் மீதிக் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நண்பர் நெடுமூச்சு விட்டார். "அப்படியானால் பையன் சொன்னது நிஜந்தான். அன்றைக்கு நான் அவனைத் திட்டிவிட்டேன்" என்றார்.

நிற்க. மறுநாள் மூவருமாக ரிச்சி தெருவுக்குப் போனோம். சென்னையில் மவுண்ட் ரோடுக்குப் பின்னாலிருக்கும் அந்தத் தெருவைத் தெரியாத மின்சாதனப் பைத்தியம் தமிழ் நாட்டில் கிடையாது. அங்கே கடைக்காரர் ஒருவர் நம்மை மகா உபசாரமாக வரவேற்று, "எத்தனை ராம் வேண்டும், ஸார்?" என்று கேட்டார். நினைவகத்துக்கு ராம் என்று பெயர் வைத்த புண்ணியவானை நாம் வாழ்த்துகிறோம். நம் நண்பர் பரம பக்தர். ராம நாமம் எத்தனை கிடைத்தாலும் சரிதான் என்று நினைத்தாரோ என்னவோ, பதினாறு வேண்டுமென்றார். விலையைக் கேட்டதும் எட்டுக்கு இறங்கினார். 2025-ஆம் வருஷப் பிற்பகுதி முதல் நினைவகச் சில்லுகளின் விலை உலகமெங்கும் ஏறத் தொடங்கியதனால், ராம நாமம் முன்போல் மலிவாயில்லை.

ஆனால் எட்டுக்குக் கீழே இறங்குவதில்லை என்று நாம் பிடிவாதமாயிருந்தோம். இணையத்தில் நாலைந்து பக்கங்களைத் திறந்து, ஒரு பக்கம் வகுப்பையும் கேட்டுக்கொண்டு, கணக்குத் தாளையும் விரித்தால், 4 ஜி.பி. மூச்சுத் திணறும். எட்டு ஒருவாறு நடக்கும். எட்டு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அது பலகையில் பற்றவைத்ததா, கழற்றி மாட்டக்கூடியதா, இன்னொன்று செருகக் காலித் துளை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மூன்று வருஷப் படிப்பில் மூன்றாவது வருஷந்தான் வேலை அதிகம். அப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் இன்னோர் எட்டைச் செருகிக்கொள்ளலாம். துளையில்லாத யந்திரத்துக்குப் பணம் சேர்ந்தும் பிரயோஜனமில்லை. களஞ்சியத்தைப் பொறுத்த மட்டில் நமது நியாயம் இன்னும் சுருக்கமானது: எஸ்.எஸ்.டி. என்றால் பேசலாம், ஈ.எம்.எம்.ஸி. என்றால் வந்த வழியே திரும்பலாம். பழைய சுழலும் தட்டு வகையை எவராவது இன்னும் விற்றால் அவருக்கு ஒரு கும்பிடு.

அடுத்தபடியாக மூளைச் சில்லு. இங்கேதான் மகா ஜனங்களுடைய கண்ணில் அதிகமாக மண் விழுகிறது. கடைக்காரர் முதலில் காட்டிய யந்திரத்தில் ரைஸன் 3 7320-யு என்று ஒட்டியிருந்தது. "ஏழாயிரம் வரிசை, ஸார்! ஐயாயிரத்தைவிட இரண்டாயிரம் ஜாஸ்தி" என்றார். இந்த எண்களை இடுகிறவர்களின் சாமர்த்தியத்தைச் சொல்லி முடியாது. அந்த வரிசையில் முதல் இலக்கமாகிய 7 என்பது 2023-ஆம் வருஷச் சரக்கு என்பதைக் காட்டுகிறது. சில்லின் உள்ளமைப்பு எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அது இங்கே 2. அதாவது 2019-இல் வெளி வந்த ஜென் 2 என்னும் அமைப்பு. புதுச் சட்டை போட்டுக்கொண்ட பழைய மனிதர். இதை அந்தக் கம்பெனி மறைக்கவில்லை. 2022-ஆம் வருஷத்திலேயே எண்களின் அர்த்தத்தைப் பகிரங்கமாக வெளியிட்டது. ஆனால் அந்த விளக்கத்தைப் படித்துவிட்டுக் கடைக்கு வருகிறவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பாரா?

பழையவர் என்பதற்காக நாம் அவரை அவமதிக்கவில்லை. நான்கு உள்ளங்கள் உள்ளவர். கல்லூரிப் பாடத்துக்குத் தாராளமாகப் போதும். நம்முடைய ஆட்சேபம் வேறு. அந்தச் சில்லோடு வரும் நினைவகம் எப்போதும் பற்றவைத்தே வரும். எட்டு என்றால் ஆயுள் முழுதும் எட்டுத்தான்.

இரண்டாவது யந்திரத்தில் ஐ-3 என்று ஒட்டியிருந்தது. ஐ-3 என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவது, ராமசாமி என்றால் எல்லாரும் ஒருவரே என்று எண்ணுவது போலாகும். ஐ-3 என்-305 என்று ஒருவர் இருக்கிறார். எட்டு உள்ளங்கள், எட்டும் சிறிசுகள். ஐ-3 1215-யு என்று இன்னொருவர். பெரியவை இரண்டு, சிறியவை நான்கு. எண்ணிக்கையைப் பார்த்தால் எட்டு பெரிதா, ஆறு பெரிதா? ஆனால் ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு கணக்கைப் போடுவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஒரே ஆள் வேகமாக ஓடுவதுதான் வேண்டும். அங்கே பெரியவை இரண்டும் முன்னால் நிற்கும். உள்ளங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மூளையை எடை போடலாகாது. மந்திரி சபைகளைப் பற்றியும் நாம் இதே அபிப்பிராயம் உள்ளவர்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

கடைக்காரர் சளைக்கவில்லை. ஒரு பரீட்சை நிரலை ஓடவிட்டு, அரை நிமிஷத்தில் வந்த பெரிய எண்ணைக் காட்டினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பெரியோர் வாக்கு. இந்தப் பானைக்கு மட்டும் அந்த வாக்கு பொருந்தாது. மலிவு யந்திரங்களில் சூட்டைப் போக்கும் விசிறியும் செப்புக் குழாயும் சிக்கனமாகவே வைக்கப்படுகின்றன. சிலவற்றில் விசிறியே கிடையாது. முதல் அரை நிமிஷம் சில்லு முழு வேகத்தில் பாயும். பிறகு உடம்பு சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாட்டுச் சந்தையில் தரகர் வாலை முறுக்கி நூறு கஜம் ஓட்டிக் காட்டுவார். சம்சாரி அதைப் பார்த்து மயங்க மாட்டான். பல்லைப் பிடித்துப் பார்ப்பான். பிறகு ஏரில் கட்டி நாலு சால் ஓட்டச் சொல்லுவான். (நமது சித்திரக்காரர் இந்த இடத்துக்கு ஒரு சந்தைப் படம் போட்டுத் தருவதாகச் சொன்னார். மாட்டின் முகம் நம் முகம்போல் இருந்தபடியால் திருப்பி அனுப்பிவிட்டோம்.)

ஆகவே, "அதே பரீட்சையைப் பத்து நிமிஷம் விடாமல் ஓட்டும்" என்றோம். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் நல்ல மனுஷர். காபிக்குச் சொல்லிவிட்டு ஓட்டினார். விசைப்பலகையின் மேல் கை வைத்துப் பார்த்தோம். முதல் யந்திரம் தோசைக் கல் ஆகிக்கொண்டிருந்தது. எண்ணும் முதலில் வந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கியது. ஐ-3 1215-யு உள்ள இரண்டாவது யந்திரம் கொஞ்சந்தான் இறங்கியது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் கேட்டால் உள்ளே காரியம் நடக்கிறது என்று அர்த்தம். அதற்காக நாம் வருத்தப்படவில்லை.

காபி ஆறுவதற்குள் பெண் ஒரு காரியம் செய்தாள். நாம் யோசிக்காத காரியம். கன்ட்ரோல், ஷிப்டு, எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாள். யந்திரத்தின் உள் கணக்கு முழுவதும் திரையில் வந்தது. சில்லின் முழுப் பெயர், நினைவகம் எத்தனை, எத்தனை துளைகளில் எத்தனை நிரம்பியிருக்கிறது எல்லாம் அதிலே இருந்தது. "இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது, மாமா" என்றாள். கடைக்காரர் ஒட்டிய காகிதத்தையும் நாம் கேட்ட கேள்விகளையும்விட இது மேலான சாட்சி அல்லவா?

திரையைப் பற்றி அதிகம் சொல்லுவதற்கில்லை. இந்த விலையில் நல்ல திரையை எதிர்பார்ப்பது பேராசை. 1366-க்கு 768 புள்ளிகள் உள்ள பழைய திரையை மட்டும் ஒதுக்க வேண்டும். 1920-க்கு 1080 இருப்பது அவசியம். நேரே பார்த்தால் எல்லாத் திரைகளும் அழகுதான். கொஞ்சம் கீழிருந்து, மூடியைச் சாய்த்துப் பார்த்தால், டி.என். என்னும் மட்ட ரகத்தில் மனிதர் முகம் கறுத்து நிறம் மாறும், ஐ.பி.எஸ். ரகத்தில் மாறாது. நாம் தேர்ந்தெடுத்ததில் நிறம் மாறவில்லை. ஆனால் சோகை பிடித்தாற்போல் வெளுத்திருந்தது. வெளிச்சம் 250 நிட் என்று போட்டிருந்தார்கள். கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் பகல் வேளையில் உட்கார்ந்து படிக்க அது காணாது. உள் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

நண்பருக்கு இதிலெல்லாம் நாட்டம் செல்லவில்லை. அவர் யந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "இது ஒன்று போதும், ஸார். எங்கள் தாத்தா கதரைத் தவிர வேறொன்று உடுத்தியவர் அல்ல" என்றார்.

நண்பருடைய தாத்தாவுக்கு நமது நமஸ்காரம். ஆனால் கதரில் பருத்தி நம்முடையது, நூற்றது நாம், நெய்தது நாம். இந்த யந்திரத்தின் ஜாதகம் வேறு. ஸ்ரீபெரும்புதூரிலும் புதுச்சேரியிலும் பெரிய கம்பெனிகளுக்காக மடிக் கணினிகள் பூட்டப்படுகின்றன என்பது மெய். நம் பெண்களும் பிள்ளைகளும் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதும் பெருமைப்பட வேண்டியதே. ஆனால் கடையில் கிடைக்கும் யந்திரங்களின் மூளைச் சில்லு இன்னும் கடல் கடந்தே வருகிறது. நினைவகமும் திரையும் பெரும்பாலும் அப்படியே. 2023 ஆகஸ்டு 3-ஆம் தேதி மத்திய அரசாங்கம் மடிக் கணினி இறக்குமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று திடீரென உத்தரவு போட்டதும், மறுநாளே அதை நவம்பர் வரையில் தள்ளி வைத்ததும், பிறகு அனுமதி முறையைத் தளர்த்திக்கொண்டதும் நேயர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பூட்டும் இடம் ஒரு நாட்டில் இருப்பதும் செய்யும் திறமை அந்த நாட்டில் இருப்பதும் வெவ்வேறு என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

திறமை அடியோடு இல்லை என்றும் நாம் சொல்ல மாட்டோம். சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பெயரில் ஒரு மூளைச் சில்லுக் குடும்பத்தை வகுத்திருக்கிறார்கள். 2018-இல் அதில் ஒன்று அமெரிக்காவிலும், இன்னொன்று நமது சண்டிகாரிலுள்ள ஆலையிலும் உருவாயின. அந்தச் செய்தியைப் படித்த அன்று நாம் ஆபீஸில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தோம். ஆனால் சக்தியை மூளையாகக் கொண்ட மடிக் கணினி ரிச்சி தெருவில் கிடைக்கவில்லை. கிடைக்கும் நாளில் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் நாமே முதலில் ஒன்று வாங்கத் தயார்.

சுதேசி என்ற பெயராலும் மலிவு என்ற பெயராலும் மாத்திரம் யந்திரம் ஓடாது என்பதற்கு ஆகாஷ் என்னும் பலகைக் கணினியின் கதையே சாட்சி. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டில்லியில் அதை வெளியிட்டபோது நாமும் கை தட்டியவர்கள்தாம். 35 டாலருக்கு ஏழை மாணவன் கையில் கணினி என்றால் யார்தான் கை தட்ட மாட்டார்கள்? விலையை முதலில் நிர்ணயித்துக்கொண்டு, அதற்குள் அடங்கக்கூடியதை உள்ளே வைத்தார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 எம்.பி. நினைவகம், அழுத்தினால்தான் உணரும் திரை. குழந்தைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்து அலுத்துப் போனார்கள். அடுத்த வருஷமே வேறு உருவில் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. அதே 2011-இல், செப்டம்பர் 15-ஆம் தேதி, தமிழ் நாட்டு அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் விலையில்லா மடிக் கணினி கொடுக்கத் தொடங்கியது. அது முழு உருவான மடிக் கணினி. விளையாட்டுச் சாமான் அன்று. எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். சில வீடுகளில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம்.

ஆகையால் நண்பரிடம், "அடியிலுள்ள எழுத்தைப் பார்த்து ஆனந்தப்படும், ஆனால் பழுது பார்க்கும் நிலையம் கும்பகோணத்தில் இருக்கிறதா என்றும் கேளும்" என்றோம். கேட்டார். தஞ்சாவூரில் இருப்பதாகப் பதில் வந்தது. பரவாயில்லை; பஸ் இருக்கிறது.

இதற்கிடையில் கடைக்காரர் இன்னொரு யோசனை சொன்னார். பெரிய கம்பெனிகள் தங்கள் சிப்பந்திகளுக்குக் கொடுத்து, மூன்று நான்கு வருஷம் உபயோகித்த பின் கழித்துவிட்ட யந்திரங்கள் அதே விலைக்குக் கிடைக்கின்றனவாம். ஒன்றை எடுத்துக் காட்டினார். மூடியின் கீல் இரும்புபோல் இருந்தது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலும் உடல் வளையவில்லை. விசைகளில் விரல் பதிந்த சுகத்தைச் சொல்லி முடியாது. நாம் மட்டும் வாங்குவதாயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்கியிருப்போம். கண்ணை மூடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள் பார்ப்போம். விண்டோஸ் 10-க்குத் திருத்தங்கள் வழங்குவது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டபடியால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய யந்திரங்கள் சந்தையில் மலைபோல் குவிந்திருக்கின்றன; இன்டெல் சில்லானால் எட்டாவது தலைமுறைக்கு முந்தியதைத் தொடக் கூடாது. அடுத்தது பாட்டரி. பிறந்தபோது அதற்கு எத்தனை கொள்ளளவு, இப்போது எத்தனை என்று யந்திரமே ஓர் அறிக்கை தரும். கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடும்.

ஆனால் நண்பர் தலையை அசைத்துவிட்டார். "வீட்டிலே ஒத்துக்கொள்ள மாட்டாள், ஸார். பிள்ளைக்குப் புதுசு, பெண்ணுக்குப் பழசா என்று கேட்பாள்" என்றார். அந்த அம்மாள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குமேல் நாம் வாதாடவில்லை.

கடைசியில் இரண்டாவது யந்திரமே முடிவாயிற்று. ஐ-3 1215-யு, துளையில் 8 ஜி.பி., காலித் துளை ஒன்று, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., எடை 1.7 கிலோ. விலை முப்பத்தைந்தாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. பெட்டியில் பாட்டரி "9 மணி நேரம் வரை" என்று போட்டிருந்தது. அந்த "வரை" என்னும் இரண்டெழுத்தில் எவ்வளவோ அடங்கும். பாட்டரியின் கொள்ளளவு 41 வாட்-மணி. யந்திரம் சாதாரண வேலையில் மணிக்கு 8 வாட்-மணி குடிக்கும் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் ஐந்து மணி நேரம் வரும். திரையை மங்கலாக்கி, ஒரே படத்தைச் சும்மா ஓடவிட்டால் ஒன்பதும் வரலாம். அப்படிப் படிக்கிற பெண்ணை நாம் கண்டதில்லை. பை, சுட்டி, வைரஸ் மருந்து மூன்றும் இலவசம் என்றார் கடைக்காரர். மருந்தை வேண்டாமென்றோம், விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. அதற்குப் பதிலாக ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொன்னோம். முந்நூறு குறைத்தார்.

பெண், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் என்று சொல்லித் தமிழ் 99 விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு நாலு வரி அடித்துப் பார்த்தாள். என்ன அடித்தாள் என்று எட்டிப் பார்த்தோம். அண்ணாவுக்கு ஒரு கடிதம்.

பழைய யந்திரத்தையும் நாம் கைவிட்டு விடவில்லை. காரியாலயத்துப் பையன் ஒருவன் அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். இப்போது கடிதம் எழுதவும் பத்திரிகை படிக்கவும் உதவுகிறது. ஒரு நேரத்தில் ஒரு காரியந்தான். அவசரப்படுத்தினால் பழையபடி சிந்தனை.

மூன்று வாரத்துக்குப் பிறகு பெண்ணிடமிருந்து நமக்குக் கடிதம் வந்தது. புள்ளியியல் படிக்கிறவள் அல்லவா? முழுக்கப் பாட்டரி ஏற்றி, வகுப்பு, எழுத்து, வாசிப்பு எல்லாம் செய்து, நூறிலிருந்து பத்துப் பங்காக இறங்க எத்தனை நேரம் என்று ஐந்து நாள் குறித்திருக்கிறாள். சராசரி 4 மணி 50 நிமிஷம். பாட்டரி அறிக்கையையும் மாதம் முதல் தேதியன்று எடுத்து நோட்டில் எழுதி வரப் போகிறாளாம். திரை பற்றி நாம் சொன்னது சரியாம். திண்ணையில் ஒன்றும் தெரியவில்லையாம்.

கடைசிப் பாராவில் இன்னொரு சமாசாரம். புது யந்திரத்தில் முதல் பரீட்சை எழுதியது அவள் அன்று; அண்ணா. வேறொரு கம்பெனி, ஒன்றரை மணி நேரப் பரீட்சை. நாற்பதாவது நிமிஷத்தில் தெரு முழுதும் மின்சாரம் போய்விட்டது. கைபேசியின் இணையத்தைப் பிடித்துக்கொண்டு மீதியையும் எழுதி முடித்தானாம். அப்பா வாசற்படியிலேயே நின்றுகொண்டு, தெருவில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாராம். முடிவு இன்னும் வரவில்லை. எழுந்தபோது பாட்டரியில் 71 பங்கு மிச்சமிருந்தது என்று எழுதியிருக்கிறாள்.